நிலக்கரி வரி, மாடி சோலார், வெள்ள வடிகால்: கவர்ன்மெண்ட் கிளைமேட் காசை எங்க போடணும்?

மொட்டைமாடி (மதுரை)

பிஎம் சூர்ய கர் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கினது 75,021 கோடி. 2024 பிப்ரவரில ஆரம்பிச்சாங்க, ஒரு கோடி வீட்டு மாடில பேனல் ஏத்தணும்னு டார்கெட். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணுக்கும் அதுக்கு மேல எவ்ளோ போட்டாலும் 78,000 மானியம். எனக்கு என்ன டவுட்னா இவ்ளோ பெரிய தொகைய வீடு வீடா பிரிச்சுக் குடுக்கறதுக்கு பதிலா அதே காசுல பொட்டல் காட்டுல பெரிய பெரிய பிளாண்ட்டா போட்டா கரண்ட் இன்னும் மலிவா கிடைக்குமே? நம்ம கமுதில 648 மெகாவாட் 2016லேர்ந்து நிக்குது (அது தனியாரோடதுன்னு தெரியும், அந்தச் சண்டைய இங்க இழுக்காதீங்க). கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி பேசறவங்க வேற இழைக்குப் போயிருங்க சாமி.

கணக்கப்பிள்ளை

தம்பி, கணக்கு அப்படி நேர்கோட்டுல போகாது. பெரிய பிளாண்ட்ல யூனிட் ரெண்டரை ரூபாய்க்கு ஏலம் போகுது, உண்மைதான், ஆனா அது பிளாண்ட் வாசல்ல உள்ள விலை. அங்கேர்ந்து உங்க மீட்டர் வரைக்கும் கம்பி, டவர், சப்ஸ்டேஷன், வழியில போற லாஸ் எல்லாம் சேரணும். மாடி சோலார்ல அரசு 78,000 போட்டா வீட்டுக்காரர் இன்னொரு லட்சம் தன் கைக்காசையோ பேங்க் லோனையோ போடறார், நிலம் வாங்க வேணாம், லைன் இழுக்க வேணாம். அரசு காசு ஒரு ரூபாய் வெளிய வந்தா அதோட சேந்து ஜனங்க காசு ஒரு ரூபாய் உள்ள வருது. பட்ஜெட் போடறவனுக்கு இது இனிக்கத்தான் செய்யும்.

ஊர்க்குருவி (சென்னை, வாடகை வீடு)

ஆக சொந்த மாடி வச்சிருக்கறவனுக்கு 78,000, மாடியே இல்லாதவனுக்கு பட்டை நாமம். இந்த ஊர்ல பாதி பேர் வாடகைல இருக்கோம் சார். வீட்டு ஓனர் சப்மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் பத்து ரூபாய்னு கறக்கறார், ஸ்டேட் கவர்ன்மெண்ட் குடுக்கற 100 யூனிட் இலவசமே நம்ம கைக்கு வந்து சேரறது இல்ல. இதுல அதே ஓனர் மாடில பேனல் போட்டா அவருக்கு பில் ஜீரோ, எனக்கு அதே பத்து ரூபாய். இதுக்குப் பேர் கிளைமேட் பாலிசியா?

ஃபீடர்_ட்ரிப்

குருவி சொல்றதுல பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நான் இந்த லைன்ல இருந்து ரிட்டயர் ஆனவன், கேளுங்க.

தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ. 400, 500 யூனிட் ஓடற வீட்டுக்கு பில்லே பெருசா வராது. அப்போ அவன் ஏன் ஒன்றரை ரெண்டு லட்சம் போட்டு பேனல் வைக்கணும்? போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். 1000 யூனிட்டைத் தாண்டி ஏசி ஓட்டறவன் இருக்கான்ல, அவனுக்கு அந்தக் கடைசி யூனிட் எல்லாம் 11 ரூபாய்க்கு மேல. மூணு கிலோவாட் போட்டா ஒரு நாளைக்கு சுமாரா 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் பக்கத்துல வரும், மேல் ஸ்லாப் அப்படியே வெட்டுப்படும், நாலஞ்சு வருஷத்துல முதல் எடுத்துருவான். அதனால நம்ம ஸ்டேட்ல மானியம் யார் வீட்டுக்குப் போகுதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. இதுல இன்னொரு சிக்கல், அந்த 11 ரூபாய்க்காரன் கட்டற காசுலதான் கீழ இருக்கறவனோட சலுகையில ஒரு பங்கு ஓடுது. அவன் கழண்டுக்கிட்டா மின்வாரியத்துக்கு வருமானம் அடி. ஏற்கனவே ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல கடன்ல நிக்குது. ஒரு கவர்ன்மெண்ட் ஃப்ரீயா குடுக்குது, இன்னொரு கவர்ன்மெண்ட் மானியம் குடுக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டுது, யாரும் உக்காந்து பேசிக்கறது இல்ல.

மொட்டைமாடி

ஐயா, அப்போ 100 யூனிட்டை நிறுத்தணும்ங்கறீங்களா?

ஃபீடர்_ட்ரிப்

நான் அப்படிச் சொல்லல. ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு மிக்ஸி வச்சு ஓட்டற வீட்டுக்கு அது தேவைதான், இந்த வெயில்ல ஃபேன் இல்லாம தூங்க முடியுமா. மாசம் 600 யூனிட் ஓட்டறவனுக்கும் அதே 100 ஃப்ரீ எதுக்குன்னுதான் கேக்கறேன்.

காத்தாடி (பல்லடம்)

வணக்கமுங்க. சோலாரப் பத்தி நெறைய பேசறீங்க, காத்தாலையை விட்டுட்டீங்க. கவர்ன்மெண்ட் காசை எங்க போடுதுங்கறதை விட எப்படிக் குடுக்குதுங்கறதுலதான் விசயமே இருக்குங்க. எங்க பகுதிய வச்சே சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தொண்ணூறுகள்ல காத்தாலை போட்டா முதல் வருசமே 100 சதவீதம் தேய்மானம் எழுதிக்கலாம்னு வருமான வரில சலுகை. திருப்பூர், கோயமுத்தூர் மில்லுக்காரங்க மார்ச் 31க்குள்ள மிசின் ஓடணும்னு ராப்பகலா கிரேன் வச்சு நிறுத்துனாங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலை எல்லாம் அப்படி வந்ததுதான். வரி மிச்சமாயிருச்சா, அப்புறம் அது சுத்துதா இல்லையான்னு எத்தனை பேர் பாத்தாங்க? சலுகை மிசினை நட்டதுக்குத்தான், கரண்ட் எடுத்ததுக்கு இல்லீங்க. பின்னாடி அதை 80 சதவீதமாக் குறைச்சு, 2012ல எடுத்துட்டு, 2014ல திருப்பிக் குடுத்து, 2017ல 40க்கு இறக்குனாங்க.

நடுவுல 2009ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, கிரிட்டுக்குக் குடுக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா போனஸ். அது வந்த பெறகு கணக்கே மாறுச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா கியர் பாக்ஸ் ஆயிலைப் பாக்கறது, பிளேடு கழுவறது, சீசனுக்கு முன்னாடி ஸ்பேர் வாங்கி வைக்கறது, எல்லாம் மிசின் நின்னா 50 பைசா போகுதுன்னு ஓனரே போன் போட்டு கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான். அதையும் 2012ல விட்டு, மறுபடி கொண்டாந்து, 2017ல முடிச்சுட்டாங்க. அதே வருசம் ஏலம் வந்துச்சு, தமிழ்நாட்டுல 4 ரூபா 16 பைசா இருந்த எடத்துல யூனிட் 3 ரூபா 46 பைசாவுக்குக் கேட்டாங்க. கவர்ன்மெண்ட்டுக்கு லாபம், சின்ன ஓனருக்கு கதவு சாத்தியாச்சு, ஏலத்துல 50 மெகாவாட் 100 மெகாவாட்டுன்னு கேக்கறவன் முன்னாடி ரெண்டு மிசின் வச்சிருக்கற ஆள் எங்க நிப்பான்.

இப்ப இங்க 250 கிலோவாட் பழைய மிசினுங்க நல்ல காத்து உள்ள எடமாப் பாத்து நிக்குது. முதல்ல வந்தவன் நல்ல எடத்தைப் புடிச்சுட்டான். அதே எடத்துல ரெண்டு மெகாவாட் மிசின் நட்டா பல மடங்கு எடுக்கலாம். 2024ல ஸ்டேட் கவர்ன்மெண்ட் அதுக்குன்னு ஒரு பாலிசியும் போட்டிருக்காங்க. ஆனா நட்டு என்ன பண்ண? ஆடி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு காத்து பேயா அடிக்கும், ஊரு தூங்கிட்டு இருக்கும், டிமாண்ட் இருக்காது, நிறுத்துன்னு போன் வந்துரும். பிளேடை மடக்கி நிறுத்திட்டு மானத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். இருக்கற மிசினுக்கே போக்கிடம் இல்லாதப்போ புதுசுக்கு மானியம் குடுத்து என்னங்க ஆகப்போவுது.

கணக்கப்பிள்ளை

காத்தாடி அண்ணே, இதைத்தான் நான் நிலக்கரி வரியோட சேத்து சொல்லணும்னு நெனச்சேன். இதை நம்ம ஆளுங்க யாரும் பேசறதே இல்ல.

2010 பட்ஜெட்ல நிலக்கரி மேல டன்னுக்கு 50 ரூபாய் செஸ் (ஒரு காரியத்துக்குன்னு போடற தனி வரி) போட்டாங்க. காரணம் தெளிவா எழுதினாங்க, இந்தக் காசு தேசிய சுத்த எரிசக்தி நிதிக்குப் போகும், அங்கேர்ந்து சுத்தமான கரண்ட்டுக்கு வரும்னு. அழுக்கு பண்றவன் கட்டணும், சுத்தம் பண்றவனுக்குப் போகணும், உலகத்துல பல நாடு யோசிச்சிட்டே இருந்தப்போ நாம பண்ணிட்டோம். 2014ல 100, 2015ல 200, 2016ல 400 ரூபாய். 2017-18 வரைக்கும் வசூல் 86,440 கோடி. அந்த நிதிக்குள்ள போனது 29,645 கோடி. அதுலேர்ந்து திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. அதாவது வசூலான நூறு ரூபாய்ல சுத்த எரிசக்திங்கற பேர்ல கடைசில வெளிய வந்தது பதினெட்டு ரூபாய் சொச்சம். அதுலயும் கங்கை சுத்தம் பண்றது அது இதுன்னு வேற கணக்குங்க.

2017ல ஜிஎஸ்டி வந்ததும் அந்த செஸ்ஸையே எடுத்துட்டு அதே 400 ரூபாயை இழப்பீட்டு செஸ்னு பேர் மாத்தி மாநிலங்களோட வரி நஷ்டத்தை அடைக்க விட்டாங்க. அப்போ எந்த மாநிலமும் வாயே தொறக்கல, காசு அவங்களுக்குத்தானே வருது. 2025 செப்டம்பர்ல அதுவும் போச்சு, 400 ரூபாய் செஸ் ரத்து, நிலக்கரிக்கு ஜிஎஸ்டி 5லேர்ந்து 18 சதவீதம். சோலார் பேனலுக்கு 12லேர்ந்து 5. பேனலுக்குக் குறைச்சதை பாராட்டலாம். ஆனா டன் கணக்குல இருந்த வரி விலை கணக்குக்கு மாறினதுல மட்டமான, விலை கம்மியான, சாம்பல் அதிகமா உள்ள நிலக்கரிக்குத்தான் ஆதாயம் ஜாஸ்தி. அழுக்குக்கு வரிங்கற யோசனை அதோட முடிஞ்சுது.

ஊர்க்குருவி

86 ஆயிரம் கோடியா!! சூர்ய கர் மொத்த ஒதுக்கீட்டை விட ஜாஸ்தி. கையில இருந்த காசை விட்டுட்டு இப்போ புதுசா கடன் வாங்கி பேனல் மாட்டறோமா

ஃபீடர்_ட்ரிப்

அந்த 15 ஆயிரம் கோடி வீண் போகலைங்கறதையும் சொல்லணும். பசுமை மின் பாதைன்னு 2015ல எட்டு மாநிலத்துக்கு கம்பி இழுக்கற திட்டம் வந்துச்சே, அதுல 40 சதவீதம் இந்த நிதிலேர்ந்து மானியம், 20 சதவீதம் மாநிலம், மீதி 40 ஜெர்மன் வங்கிக் கடன். தேனி பக்கம் தப்புக்குண்டுல 400 கேவி சப்ஸ்டேஷன் அப்படி வந்ததுதான். கம்பம் கணவாய்க் காத்து கரண்ட்டாகி வெளிய போக வழி கிடைச்சுது. அந்தக் காசுல இன்னொரு பங்கு கம்பிக்கு வந்திருந்தா காத்தாடிக்கு அந்த ராத்திரி போன் கால் கம்மியாகியிருக்கும். மந்திரி வந்து டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க மாட்டார், அதான் கம்பிக்கு இருக்கற ஒரே குறை.

சும்மாதான்

எதுக்கு இவ்ளோ கணக்கு? அமெரிக்காவும் சீனாவும் விடற புகைக்கு முன்னாடி நாம மாடில பேனல் வச்சு என்ன ஆகப்போகுது. பணக்கார நாடு காசு குடுத்தா பண்ணலாம், இல்லன்னா விடலாம்.

கணக்கப்பிள்ளை

அவங்க குடுக்கற லட்சணம் தெரியாதா. 2009ல வருஷத்துக்கு 100 பில்லியன் டாலர்னு சொன்னாங்க, 2020க்குள்ள வரணும், வந்து சேர்ந்தது 2022ல, அதுலயும் பெரும்பாலானது கடன். 2024ல அஜர்பைஜான்ல பாகு நகரத்து கிளைமேட் மாநாட்டுல உக்காந்து 2035க்குள்ள வருஷம் 300 பில்லியன்னு முடிச்சாங்க, அந்த மண்டபத்துலயே நம்ம நாட்டு பிரதிநிதி எழுந்து ஏத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டு வந்தாங்க. அந்தக் காசுக்குக் காத்திருந்தா காத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதுவுமில்லாம நிலக்கரியை விட சோலார் மலிவா இருக்கறப்போ இது யாருக்கோ பண்ற உபகாரம் இல்ல.

நெல்லைச்சீமை

நீங்க எல்லாரும் கரண்ட்லயே நிக்கீங்க. புகையைக் குறைக்கறதுக்கு செலவு பண்றது வேற, வந்த அடியைத் தாங்கறதுக்கு செலவு பண்றது வேற. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருசத்துல பெய்யறதை விட ஜாஸ்தி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு போச்சு, உள்ள இருந்த எண்ணூறு பேருக்குப் பக்கத்து ஊர்க்காரங்கதான் சோறு பொங்கிக் குடுத்தாங்க. எங்க பெரியம்மா வீட்டுல தண்ணி வடிஞ்ச பிறகு பீரோவைத் தொறந்தா பட்டுச்சேலை எல்லாம் சேறு, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் கூழு. பீரோ மேல ஒரு கோடு, தண்ணி நின்ன உயரம், இன்னும் அப்படியே இருக்கு.

அந்த டிசம்பர்ல மிக்ஜாம் புயல், தென்மாவட்ட வெள்ளம் ரெண்டுக்கும் சேத்து ஸ்டேட் கவர்ன்மெண்ட் கேட்டது 37,000 கோடிக்கு மேல. மத்திய அரசு அனுமதிச்சது 682 கோடி, பழைய கையிருப்பைக் கழிச்சது போக கைக்கு வந்தது 276 கோடி. கேட்டது கொஞ்சம் கூடவே இருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. ஆனா இந்த வித்தியாசத்துக்கு என்ன பேரு வைக்கிறது?

கணக்கப்பிள்ளை

அக்கா, நிவாரணம் ஒரு பக்கம், அதுக்கு முன்னாடி தடுக்கறதுக்குன்னு தனி நிதியே இருக்கு. 15வது நிதிக்குழு 2021-26க்கு மாநிலங்களுக்கு 1,60,153 கோடி பேரிடர் நிதின்னு வச்சு அதுல 20 சதவீதத்தை, அதாவது 32,000 கோடி சொச்சத்தை, நடந்த பிறகு இல்ல, நடக்கறதுக்கு முன்னாடி தணிக்கறதுக்குன்னு ஒதுக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சு நம்ம நாட்டுல கிளைமேட்டுக்கு எடுத்த உருப்படியான முடிவுல இதுவும் ஒண்ணு. அதே மாதிரி மத்தியில இருக்கற தேசிய தணிப்பு நிதி வழியா 2023 டிசம்பர்லயே சென்னைக்கு 561 கோடி வெள்ளத் தடுப்புத் திட்டத்தை அனுமதிச்சாங்க.

நெல்லைச்சீமை

சென்னைக்கு! பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. கொசஸ்தலையாறு வடிகாலுக்கு ஆசிய வங்கிக் கடன், கோவளம் பக்கத்துக்கு ஜெர்மன் கடன், எல்லாம் மெட்ராஸுக்கு. தாமிரபரணி ஓரத்துக் குளமும் கால்வாயும் ராஜா காலத்துல வெட்டினது, தூர் வாரி மடை சரி பண்ணுனா போதும், புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம். பாங்க்காரன் கடன் குடுக்கற அளவுக்கு அது பெரிய ப்ராஜெக்ட்டா இல்லைங்கறதுதான் அதோட பாவம் போல.

ஊர்க்குருவி

அக்கா மெட்ராஸ்ல இருக்கறவங்களும் முழங்கால் தண்ணிலதான் நின்னோம் 🙂 மத்தபடி நீங்க சொல்றது நியாயம்

வயக்காட்டான் (தஞ்சாவூர்)

விவசாயி பக்கத்தையும் சொல்லிடறேன். சோலார் பம்ப்செட்டுக்கு மத்திய அரசு, மாநில அரசு ரெண்டும் சேந்து பாதிக்கு மேல மானியம் தர்றாங்க. ஆனா இங்க 23 லட்சம் பம்ப்செட்டுக்கு கரண்ட் ஃப்ரீ. ஃப்ரீ கரண்ட் இருக்கறவன் கைக்காசு போட்டு எதுக்கு சோலாருக்கு வரணும்? கனெக்ஷனுக்கு எழுதி வச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கறவன்தான் வர்றான். சோலார் பம்பு வந்தா பகல் பூரா தண்ணி ஓடுது, நிறுத்தணும்னு யாருக்கும் தோணாது, நெலத்தடி தண்ணி எறங்கிக்கிட்டே போவுது. எங்க பக்கத்துல போர் ஆழம் பாதாளத்துக்குப் போயிருச்சு. கிளைமேட்டுக்கு நல்லதுன்னு குடுக்கற காசு தண்ணிக்குக் கெடுதலா முடியுது. அதுக்குப் பதிலா விவசாய ஃபீடர் (பம்ப்செட்டுங்களுக்குப் போற லைன்) முழுசுக்கும் சப்ஸ்டேஷன் பக்கத்துல சோலார் போடறது நல்லதுங்க. அந்த சோலார் பம்ப்செட் திட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. பகல்ல நல்ல கரண்ட்டா மூணு ஃபேஸ்ல வரும், ராத்திரி பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து டார்ச் அடிச்சுக்கிட்டு மோட்டார் போடப் போக வேணாம்.

காத்தாடி (பல்லடம்)

வயக்காட்டு அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறுங்க.

மொட்டைமாடி

எல்லாம் சரி, அப்போ எதுதான் ஒர்க் ஆச்சு? எல்லாத்துலயும் ஓட்டை சொல்றோம், கவர்ன்மெண்ட் காசு போட்டு நல்லா முடிஞ்ச ஒண்ணு சொல்லுங்களேன்.

ஃபீடர்_ட்ரிப்

எல்இடி பல்பு. 2014ல அரசு நிறுவனம் வாங்கின விலை ஒரு பல்பு 310 ரூபாய். மொத்தமா கோடிக்கணக்குல டெண்டர் விட்டு விட்டு 2016ல 38 ரூபாய்க்கு வந்துச்சு. பட்ஜெட்லேர்ந்து மானியமே கிடையாது. கவர்ன்மெண்ட் பண்ணினது ஒண்ணே ஒண்ணு, "இத்தனை கோடி நான் வாங்கறேன்"னு கம்பெனிக்காரனுக்கு நம்பிக்கை குடுத்தது. 36 கோடிக்கு மேல பல்பு போச்சு. அப்புறம் பெட்டிக்கடையிலயே மலிவாக் கிடைக்க ஆரம்பிச்சதும் அரசு ஒதுங்கிக்கிச்சு. வரணும், விலையை இறக்கணும், போயிரணும்.

இப்போ பேட்டரி அந்த எடத்துலதான் நிக்குது. 2022ல முதல் பெரிய டெண்டர்ல மெகாவாட்டுக்கு மாச வாடகை 10.8 லட்சம்னு கேட்டாங்க. 2024 கடைசில ராஜஸ்தான்ல அதே மாதிரி ரெண்டு மணி நேர பேட்டரி 2.2 லட்சத்துக்கு வந்துச்சு, அதுல மத்திய அரசோட இடைவெளி நிதி உதவி (கட்டுப்படியாகாத பங்கை அரசே குடுக்கறது) உண்டு, இருந்தாலும் இறக்கம் இறக்கம்தான். நம்ம ஸ்டேட்டுக்குத் தேவையே இதுதான். 2024 மே 2ம் தேதி 20,830 மெகாவாட் உச்சம் தொட்டோம். பகல்ல சோலார் தாங்கிரும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஏசியும் டிவியும் இண்டக்ஷனும் ஒண்ணா ஏறறப்போ என்ன பண்ணுவ? நிலக்கரியை எரி, இல்ல மின்சார எக்ஸ்சேஞ்சுல (கரண்ட் வாங்கி விக்கற சந்தை) யூனிட் பத்து ரூபாய்க்கு வாங்கு. 2024 மார்ச்லகூட வட சென்னைல 800 மெகாவாட் நிலக்கரி யூனிட் தொறந்தாங்க, காரணம் இந்த ஏழு மணிதான். என்னைக் கேட்டா மாடி மானியத்துல ஒரு பங்கை இனிமே பேட்டரியோட சேத்து வைக்கறவனுக்குத்தான் குடுக்கணும்.

கணக்கப்பிள்ளை

ஐயா இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வீட்டுக்கு வீடு பேட்டரிக்கு மானியம் குடுத்தா மறுபடி அதே ஏசி வீட்டுக்குத்தான் போகும். பேட்டரியை சப்ஸ்டேஷன்ல வைங்க, வாடகைக்காரனுக்கும் அதோட பலன் போகும். மாடி பேனலுக்கு இருக்கற மானியத்தை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டு வந்தா போதும், பேனல் விலை ஏற்கனவே விழுந்து கிடக்கு. சின்ன வீட்டுக்கு மட்டும் அப்படியே வைக்கலாம்.

ஃபீடர்_ட்ரிப்

சப்ஸ்டேஷன்ல வைக்கற காசு யார்கிட்ட இருக்கு? ஒன்றரை லட்சம் கோடி கடன்காரன்கிட்டயா?

கணக்கப்பிள்ளை

அதுக்குத்தான் டெண்டர். காசு தனியார் போடட்டும், வாரியம் மாச வாடகை குடுக்கட்டும். வாடகை நேரத்துக்கு வரும்னு நம்பிக்கை இருந்தா விலை இன்னும் இறங்கும். கடல் காத்தாலைக்கு 2024ல 7,453 கோடி அனுமதிச்சாங்களே, நமக்கு 500 மெகாவாட் குஜராத்துக்கு 500, இன்னிவரைக்கும் கடல்ல ஒரு டர்பைன் நிக்கல. அந்தக் காசு சும்மா தூங்கறதுக்கு பேட்டரிக்கு வந்தா என்ன.

காத்தாடி (பல்லடம்)

கடல்ல நட்டா மீன்காரங்களும் சும்மா இருப்பாங்களா. தூத்துக்குடி, கன்னியாகுமரில வலை போடற எடம் போயிரும்னு இப்பவே பேச்சு. மொதல்ல தரையில இருக்கற பழைய மிசினை மாத்த ஒரு ரூபா குடுங்க, நெலமும் இருக்கு, கம்பியும் ஓரளவு இருக்கு.

ஊர்க்குருவி

கேப்ல ஒரு சந்தேகம். அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கற மொட்டைமாடில போட மானியம் உண்டா? நான் வாடகைதான், ஆனா மெயின்டனன்ஸ் காசு நான்தான் கட்டறேன், லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட் கரண்ட் எல்லாம் அதுல வருது.

ஃபீடர்_ட்ரிப்

உண்டு தம்பி. குடியிருப்போர் சங்கத்துக்கு பொது உபயோகத்துக்குப் போட்டா கிலோவாட்டுக்கு 18,000. வீட்டுக்கு மூணு கிலோவாட் கணக்குல 500 கிலோவாட் வரைக்கும் போகலாம். சங்கம் பேர்ல பொது மீட்டர் இருக்கணும், தேசிய போர்ட்டல்ல சங்கம் பேர்லதான் விண்ணப்பிக்கணும். தண்ணித் தொட்டி நிழல் விழாத இடமா பாருங்க.

ஊர்க்குருவி

நன்றி ஐயா. வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எடுத்து விடறேன். துணி காயப்போடற இடம் போயிரும்னு ரெண்டாவது மாடி மாமி கண்டிப்பா எழுந்திரிப்பாங்க, பேனலை ஆள் உயரத்துக்கு மேல ஸ்டாண்டு வச்சுத் தூக்கினா செலவு எவ்ளோ கூடும்னு மட்டும் யாராவது சொன்னா கையோட கொண்டு போயிருவேன்.